பிரதர் என்ன முறை

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சிவகாசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டில் நர்ஸாக இருந்தேன். அந்த வார்டு எந்த மாதமும் காலியாக இருந்ததில்லை. தீபாவளி சீசனுக்கு முந்தைய மாதங்களில் கட்டில் போதாது. உள்ளே நுழைந்ததும் ஒரு வாடை அடிக்கும். மருந்தும் கந்தகமும் கருகிய முடியும் கலந்த வாடை. குளித்தாலும் எங்கள் தலைமுடியை விட்டு அது போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த வார்டுக்குச் சாயங்காலங்களில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வருவார். நாற்பது வயதிருக்கும். தெற்கே கடற்கரை ஊர்க்காரர். திருத்தங்கல் ரோட்டில் ஒரு கத்தோலிக்கத் துறவற சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் எப்போதும் எங்கள் வார்டில் கிடப்பார். அவர்களைப் பார்க்க வருவார், பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரிடமும் பேசிவிட்டுப் போவார். ஜெபம் பண்ணுகிறேன் என்று யாரையும் தொந்தரவு செய்ததில்லை. இளநீர் வாங்கி வருவார், ஊருக்குத் தகவல் சொல்லிவிடுவார், செத்தவர்களுக்கு வண்டி பிடித்துக் கொடுப்பார்.

எல்லோரும் அவரைச் சாமி என்றும் ஃபாதர் என்றும் கூப்பிட்டார்கள். அவர் சலிக்காமல் திருத்துவார். "நான் ஃபாதர் இல்ல. பிரதர்."

எங்கள் வார்டில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. ஒருநாள் நேரடியாகவே கேட்டாள்.

"ஃபாதர்னா அப்பான்னு தெரியுது. பூசை வைக்கிறவுக. பிரதர்னா என்ன முறைங்க?"

"கூடப் பொறந்தவன்மா."

"யாருக்குக் கூடப் பொறந்தவுக?"

"எல்லாருக்கும்."

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். "எல்லாருக்கும்னா யாருக்கும் இல்லைன்னுதான அர்த்தம்?"

அவரும் சிரித்தார்.

எனக்கு அந்தச் சொல்மேல் பெரிய மதிப்பு இருந்ததில்லை. நான் சீர்திருத்த சபைக் குடும்பம். எங்கள் ஜெபக்கூட்டங்களில் வாலிபப் பையன்கள் ஒருவரையொருவர் பிரதர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வெளியே வந்ததும் சண்டை போட்டுக்கொள்வார்கள். கத்தோலிக்கர்களிடம் அதற்கு வேறு பொருள் உண்டு என்பது அவரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கல்யாணம் இல்லை, சொத்து இல்லை, மேலே உள்ளவர் சொல்லுக்கு அடங்கி நடப்பேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர். ஆனால் குருப்பட்டம் வாங்காதவர். பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்க முடியாது. ஊரில் சிலர் "பாதி சாமியார்" என்று கேலி செய்வார்கள்.

என் அப்பா காரியாபட்டியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். லீவுக்குப் போயிருந்தபோது இதைச் சொன்னேன். அவர் உடனே சொல்லைப் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டார். "அருட்சகோதரர்னு எழுதுவாங்க. சகோதரர்ங்கிறது வடசொல். சக, உதரம். உதரம்னா வயிறு. ஒரே வயித்துல கெடந்தவன்னு அர்த்தம். நம்ம சொல் உடன்பிறந்தான். அதுவும் கிட்டத்தட்ட அதேதான். ஆனா வயித்தச் சொல்லல, பொறப்பச் சொல்லுது."

இதை நான் அடுத்த வாரம் பிரதரிடம் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. துறவறத்துக்குப் பயிற்சி தரும் நவதுறவகத்தில் அவர்களுக்கு இதையெல்லாம் பாடமாக நடத்தினார்களாம். லத்தீனில் ஃப்ராத்தர். மடங்களில் பட்டம் இல்லாமல், சமைத்தும் தோட்டம் கொத்தியும் நோயாளிகளைப் பார்த்தும் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. அதற்கும் முன்னால், புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் விசுவாசிகள் எல்லோரையும் அடெல்ஃபோஸ் என்று கூப்பிடுகிறார்கள். "அந்தச் சொல்லுக்கும் உங்க அப்பா சொன்ன அதே அர்த்தம்தான் சிஸ்டர். ஒரே கருப்பை. எங்கேயோ இருக்கிற ரெண்டு பாஷை ஒரே மாதிரி யோசிச்சிருக்கு."

அவர் சிஸ்டர் என்றதும் எனக்கு உறைத்தது. நாளெல்லாம் என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பார்த்த காலத்திலிருந்து வந்த பெயர் அது. எரிந்து கிடப்பவர்கள் தண்ணீருக்காகக் கூப்பிடும் அந்தச் சொல்லுக்குள் ஓர் உறவு இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அந்த வருஷம் சீசன் மும்முரத்தில் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. எங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி மட்டும் ஒருமுறை அதிர்ந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கட்டில்களை ஒதுக்கினோம், எரிந்தவர்களைக் கிடத்த வாழையிலை வாங்க ஆள் அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் வேன்களும் ஆட்டோக்களும் வர ஆரம்பித்தன.

அவற்றில் ஒன்றில் வந்தாள் ஒருத்தி. முப்பது வயதுகூட இருக்காது. உடம்பெல்லாம் அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளியாக மின்னியது. துடைக்கத் துடைக்கத்தான் அடியில் தோல் இல்லை என்று தெரிந்தது. முகம் மட்டும் தப்பியிருந்தது. இப்படி எரிந்தவர்களுக்கு முதல் சில நாட்கள் நினைவு தெளிவாக இருக்கும். நன்றாகப் பேசுவார்கள். பார்க்க வந்தவர்கள் பிழைத்துவிடுவாள் என்று சந்தோஷமாகப் போவார்கள். எங்களுக்குத் தெரியும்.

பிரதர் அன்றைக்கே ஓடிவந்தார். அவள் ஊரில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு அவர் சாயங்கால வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவளுடைய மகளும் அதில் படித்தாள். ஆறாவது படிக்கும் ஒரே பிள்ளை. புருஷன் லாரியில் பட்டாசுப் பெட்டி ஏற்றும் லோடுமேன். அவன் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உள்ளே வரப் பயந்தான்.

இரண்டாம் நாள் நான் அவள் வாயைத் துடைத்துவிட்டபோது கேட்டாள். "சிஸ்டர், நீங்க காரியாபட்டிக்காரவுகன்னு சொன்னாகளே?"

"ஆமா."

"எங்கண்ணன் அங்கன வெதக் கட வச்சிருக்கான். நான் இவர இழுத்துக்கிட்டு வந்ததுலருந்து பேச்சு வார்த்த இல்ல. வேற சாதின்னு தலை முழுகிட்டாக. என்னய வந்து பாக்க வேணாம். கோடியாவது கொண்டாரச் சொல்லுங்க."

அப்படியெல்லாம் பேசக்கூடாது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"கோடி இல்லாம என்னயத் தூக்குனா, பொறந்த வீடு இல்லாத அநாதைன்னு ஊருல சொல்லுவாக. நான் கேக்கவா போறேன்? எம்பிள்ள கேக்கும். நாளைக்கி அவள ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கும்போதும் அதத்தான் சொல்லிக்காட்டுவாக."

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதைத்தான் கோடி என்பார்கள். உடன்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்துவான். அது வரும்வரை பாடையைத் தூக்கமாட்டார்கள். எவ்வளவு பகை இருந்தாலும் அந்த ஒரு நாளுக்கு வந்துவிட்டுப் போவார்கள்.

மறுநாள் பிரதரும் நானும் விருதுநகர் போய்க் காரியாபட்டி பஸ் பிடித்தோம். எனக்கு வழி தெரியும் என்பதால் கூப்பிட்டார். பஸ்ஸில் போகும்போது சொன்னார். "எங்க பெரியக்கா செத்தப்ப நான் நவதுறவகத்தில இருந்தேன். அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சுத்தான் எங்கிட்டச் சொன்னாங்க. அப்ப அதுதான் ஒழுங்கு. வீட்டு உறவ விட்டாத்தான் ஊருக்கு உறவாக முடியும்னாங்க. நானும் ஒத்துக்கிட்டேன்."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விதைக்கடையில் கூட்டம் இல்லை. அவளுடைய அண்ணன் முகத்தைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அதே மூக்கு, அதே மோவாய். பிரதர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் பருத்தி விதையைக் கையில் அள்ளி அள்ளிச் சாக்கிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தங்கச்சி கெடையாது."

"உயிர் இருக்கும்போதே வந்து பாத்தா அந்தப் பிள்ளைக்கு நிம்மதியா இருக்கும்."

"அவ போன அன்னைக்கிப் படுத்தவ எங்கம்மா. அப்புறம் எந்திரிக்கவே இல்ல. வாய்க்கரிசி போட்டு அனுப்பி வச்சேன். அதுக்கு அவ வந்தாளா?"

"வந்திருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே திரைக்குப் பின்னால் அவர் மனைவி நிற்பது தெரிந்தது. அண்ணன் குரலை உயர்த்தாமல் கேட்டார். "நீங்க யாரு? என்ன முறையில வந்து கேக்குறீக?"

"நான் ஒரு பிரதர்."

"பிரதர்னா?"

பிரதர் ஒரு நொடி தயங்கினார். "உடன்பிறந்தவன்னு அர்த்தம்."

"அப்பப் பொருத்தமாப் போச்சு. நீங்களே போயி கோடியப் போடுங்க. எங்கிட்ட எதுக்கு வாரீக?"

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அள்ளிய விதையைச் சாக்கில் போடாமல் கைக்குள் இறுக்கியபடியே போனதை நான் பார்த்தேன். அது கோபமா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பி வந்தபோது அவள் விழித்திருந்தாள். நான் ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னால் என்ன நஷ்டம்? பிரதர் கட்டில் பக்கத்தில் குனிந்தார்.

"போயிப் பாத்தோம்மா. வரல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நீர் வரக்கூட உடம்பில் ஈரம் இல்லை. கண்ணை மூடியபடியே, "கட நல்லா ஓடுதா?" என்று கேட்டாள்.

"நல்லா ஓடுது."

"மதினி இருந்தாளா?"

"இருந்தாங்க."

அதற்குப் பிறகு அவள் அண்ணனைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் பேச்சு குழற ஆரம்பித்தது. அடுத்த நாள் காலை டாக்டர் பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. மகளைக் கூட்டி வரவேண்டாம் என்று அவளே சொல்லியிருந்ததால் பிள்ளை கடைசிவரை வரவில்லை.

பிரதர் பள்ளியிலிருந்து வந்தார். என்னிடம் கேட்டார். "சேலை எடுக்கணும் சிஸ்டர். எனக்கு எடுத்துப் பழக்கமில்ல. கூட வர்றீங்களா?"

அப்போதுதான் அவர் முடிவு செய்துவிட்டார் என்று புரிந்தது. "உங்க சபையில சம்மதிப்பாங்களா?" என்றேன்.

"மேலே இருக்கிற சுப்பீரியர்ட்ட கேட்டேன். ஜெபம் பண்ணலாம், சடங்குல கலந்துக்க வேண்டாம்னு சொல்லிட்டார்."

"அப்புறம்?"

"கேக்குறது என் கடமை. கேட்டுட்டேன்."

பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். கூட்டிப் பெருக்கும் அம்மா, புருஷன் இருக்கப் போனவளுக்குக் கலர்ச் சேலைதான் எடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கி போட்டவர் சேலை கேட்டதும் கடைக்காரருக்கு வேடிக்கையாக இருந்தது. சுறுசுறுப்பாக எடுத்து விரித்துப் போட்டார்.

"யாருக்குங்க ஃபாதர்?"

"தங்கச்சிக்கு."

"அப்படியா! என்ன விசேஷம்? கல்யாண நாளா?"

"கோடி."

கடைக்காரர் விரித்ததையெல்லாம் மடித்தார். உள்ளே போய் ஓர் அரக்கு நிறச் சேலையை எடுத்து வந்து, பிரிக்காமலே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாசல்வரை கூடவே வந்தார்.

ஊரில் பந்தல் போட்டிருந்தார்கள். அதே விபத்தில் அந்தத் தெருவில் இன்னொரு வீட்டிலும் சாவு. இரண்டு பந்தலுக்கும் ஒரே கொட்டுக்காரர்கள் மாறி மாறி வந்து போனார்கள். பிரேதப் பரிசோதனை முடிந்து வந்த உடம்பு வெள்ளைத்துணியில் தலையிலிருந்து கால்வரை கட்டியிருந்தது. முகம் மட்டும் தெரியும்படி துணியை விலக்கியிருந்தார்கள். மகள் தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

நாங்கள் போனபோது பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பொறந்த வீட்டுக் கோடி வருமா வராதா? பொழுது போகுதுல்ல."

பிரதர் பொட்டலத்தோடு முன்னால் போய் நின்றார். "நான் கொண்டாந்திருக்கேன்."

புருஷனுடைய பெரியப்பா எழுந்து வந்தார். கோபக்காரர் போலத் தெரியவில்லை. உண்மையாகவே குழம்பிப் போனவர் போலத்தான் கேட்டார். "நீங்க வாத்தியாரு. எங்க பிள்ளைகளுக்கு நல்லது செய்றீக, இல்லைங்கல. ஆனா கோடின்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்ல? உங்க சாமி வேற, ஊரு வேற. எந்த முறையில வாங்குறது?"

கூட்டத்தில் ஒருவன், "மதத்துல சேக்க வந்துட்டாக," என்றான். இன்னொருவன் அவனை அதட்டினான். கொட்டு நின்றுவிட்டது. பிரதர் சேலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றார். லத்தீனையும் கிரேக்கத்தையும் அங்கே சொல்ல முடியுமா?

புருஷன்தான் எழுந்தான். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசாதவன். குடித்திருந்தான், ஆனால் குரல் நிதானமாக இருந்தது. "பெரியப்பா, அவ செத்துக்கிட்டிருக்கும்போது அவளுக்காக அவ அண்ணன் வாசல்ல போயி நின்னது இவுகதான். கூடப் பொறந்தவன் செய்ற வேலைய இவுக செஞ்சாக. கோடிய வாங்குங்க. இல்லன்னா நான் தூக்க விடமாட்டேன்."

பெரியவர் மறுபடி கொட்டச் சொல்லிக் கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

பிரதருக்குச் சேலையை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக் காட்டினாள். வெள்ளைத்துணியின்மேல் கால்மாட்டிலிருந்து கழுத்துவரை விரித்தார். விரித்து முடித்ததும் பெண்கள் ஒப்பாரியில் "ஒம் பொறந்தவன் வந்துட்டானே" என்று எடுத்துப் பாடினார்கள். அதைக் கேட்டதும் அவர் உடைந்துபோய் அழுதார். அவளுக்காக அழுதாரா, தான் அடக்கத்துக்குப் போக முடியாமல்போன அக்காவுக்காக அழுதாரா, எனக்குத் தெரியாது. அப்போதுதான் அந்தப் பிள்ளையும் வாய்விட்டு அழுதது.

கோடி போட்டதோடு முறை முடிவதில்லை. கருமாதிக்குச் சம்பந்திச் சாப்பாடு பிறந்த வீட்டார் போடவேண்டியது என்று அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனார். பள்ளியில் அது பேச்சாகிவிட்டது. துறவி ஒரு வீட்டுக்கு மட்டும் உறவாகிவிட்டார் என்றார்கள். ஊரிலும் வேறு விதமாகப் பேசினார்கள். செத்தவளுக்கும் அவருக்கும் என்ன என்று கேட்டார்கள். புருஷன் காதிலும் அது விழுந்தது. குடி கூடியது. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே பிரதரை வடக்கே, பாஷை தெரியாத ஏதோ மலைப்பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும்முன் வார்டுக்கு வந்தார்.

"கீழ்ப்படிவேன்னு வார்த்தை குடுத்திருக்கேன்," என்றார். "இங்க குடுத்தது வார்த்தை இல்ல, ஒரு சேலை. ஆனா அதுவும் நிக்குது."

"அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். தாய்மாமன் முறைக்கு எப்ப வருவீகன்னு கேட்டா."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை வயதுக்கு வந்தாள். அவள் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் கேட்டான். "மாமன் சீரு செய்யணும் சிஸ்டர். பிரதர் எங்கன இருக்காக?" பள்ளியில் கேட்டு ஒரு நம்பர் வாங்கினேன். ஹிந்தியில் யாரோ எடுத்தார்கள். என் பெயரையும் விஷயத்தையும் இங்கிலீஷில் சொல்லி வைத்தேன். அவர் வரவில்லை. சேதி போய்ச் சேர்ந்ததா, அனுமதி கிடைக்கவில்லையா, தெரியாது. காரியாபட்டியிலிருந்தும் யாரும் வரவில்லை. அப்பாவின் தங்கை ஒரு பாவாடை தாவணி எடுத்து வந்தாள். நான் ஒரு சின்னத் தோடு வாங்கிப் போனேன். மாமன் உட்காரும் பலகை காலியாகக் கிடந்தது. பிள்ளை அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்தே இருந்தாள்.

அதன்பிறகு எனக்கும் மாற்றல் வந்துவிட்டது. சில வருஷம் கழித்து ஒரு வேலையாகத் திருத்தங்கல் போனவள் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். தாய் மாதிரியே வளர்ந்திருந்தாள். வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டத்தில் தூக்குச்சட்டியோடு நின்றாள். பத்தாவதோடு நின்றுவிட்டாளாம். அப்பாவால் இப்போது லோடு தூக்க முடிவதில்லையாம்.

"எந்தக் கம்பெனி?" என்றேன்.

சொன்னாள். பட்டாசுக் கம்பெனிதான். அவள் நகக்கண்ணைப் பார்த்தேன். வெள்ளியாக இருந்தது.

"பிரதர் மாமா போன் பண்ணுவாக சிஸ்டர்," என்றாள். "வருஷத்துல ரெண்டு மூணு தடவ. அந்த வேலைய விட்டுருன்னு அழுவாக. தையல் படின்னு சொல்லுவாக."

"நீ என்ன சொல்லுவ?"

"சரி மாமான்னு சொல்லுவேன்." அவள் ரோட்டைப் பார்த்தாள். "அம்புட்டுத் தூரத்துல இருக்கவுக மனசு ஏன் கஷ்டப்படணும்?"

கம்பெனி வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே நெரிசல். அவள் தூக்குச்சட்டியை முன்னால் நீட்டி இடம் பிடித்து ஏறிக்கொண்டாள்.